போரிவ்லி நேஷனல் பார்க்: எதற்குச் சீட்டு வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரு வரிசை உண்டு. கேட்வே, மரைன் டிரைவ், மகாலட்சுமி, ஹாஜி அலி. அதற்கு மேல் ஒரு நாள் மிஞ்சினால் போரிவ்லி நேஷனல் பார்க். ஞாயிறு பதினொரு மணிக்குப் போய், சஃபாரி வரிசையில் வெயிலில் நின்று, கம்பி வலை போட்ட ஜன்னல் வழியாகத் தூங்குகிற புலியின் முதுகைப் பார்த்துவிட்டு, வாசலில் வடாபாவ் தின்று திரும்புவார்கள். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று அத்தை கேட்டால் நியாயம்தான். ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர் காட்டில் அவர்கள் பார்த்தது வேலி கட்டிய ஒரு மூலை.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது பலகையில் இருக்கும் பெயர். அங்கே வருகிறவருக்கு விற்கப்படுவது நான்கு: சஃபாரி, கான்ஹேரி குகைகள், வழிகாட்டியோடு காட்டு நடை, வெளி ஆட்கள் நடத்தும் 'வார்லி கிராம அனுபவம்' (வார்லி என்பது இந்தப் பக்கத்து ஆதிவாசிச் சமூகம்). நாலுக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் கணக்கு தப்பிவிடும்.

சஃபாரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது வேலிக்குள் வளர்க்கப்படும் புலி, சிங்கங்களை மினி பஸ்ஸில் சுற்றிக் காட்டுவது. சிங்கங்கள் குஜராத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. இந்தக் காட்டின் சொந்தப் பெரும்பூனை சிறுத்தை ஒன்றுதான். ஐந்து வயதுக் குழந்தை இருந்தால் போங்கள், அதுவும் காலையில் முதல் வண்டிக்கு. வெயில் ஏறினால் விலங்கு நிழலுக்குப் போய்விடும், டிரைவர் என்ன செய்வார்? மற்றவர்கள் அந்த நேரத்தைக் கான்ஹேரிக்குக் கொடுக்கலாம்.

போகிற வழி. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க்காரர்களுக்கு தாதர் போய் வெஸ்டர்ன் லைனில் போரிவ்லி ஃபாஸ்ட்; கிழக்குப் பக்கம் இறங்கினால் ஹைவே ஓரத்து வாசலுக்கு ஆட்டோ, அல்லது கால்நடை. முலுண்டுக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். வீட்டு மாடியிலிருந்து தெரிகிற மலை இதே காடுதான், ஆனால் குறுக்கே பஸ் போகும் சாலை கிடையாது. மலைக்கு அடியில் சுரங்கச் சாலை வரப்போகிறது என்பதை நம்பிக் கிளம்பாமல், தாணே வழியாக கோட்பந்தர் ரோட்டில் சுற்றுங்கள், இல்லையென்றால் தாதர் போய் மாறுங்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. இதை மறந்து வந்து வாசலில் நிற்கும் குடும்பம் ஒன்றாவது ஒவ்வொரு வாரமும் உண்டு.

வாசலில் வனத்துறைச் சீட்டு. கான்ஹேரி அடிவாரத்தில் தொல்லியல் துறைக்கு இன்னொரு சீட்டு. இரண்டும் வேறு வேறு என்று வாசலில் யாரும் சொல்வதில்லை. மேலே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே சில்லறையோடு போங்கள். பிளாஸ்டிக் கவர், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். தலைக்கு ஒன்றரை லிட்டர் கணக்கில் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். புளியோதரையோ தயிர்சாதமோ மூடி இறுக்கமான டப்பாவில், பைக்குள், ஜிப் போட்டு. கையில் கவரைத் தொங்கவிட்டு நடந்தால் குரங்கு அதை உங்களிடம் கேட்டு வாங்காது.

வாசலிலிருந்து கான்ஹேரிக்கு ஆறேழு கிலோமீட்டர். உள்ளே ஓடும் வண்டியில் போகலாம். வாடகை சைக்கிளும் கிடைக்கிறது, ஆனால் எடுக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். போகும்போது கடைசி ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். திரும்பும்போது அதே ஏற்றம் இறக்கமாகி, பிரேக் தேய்ந்த வண்டியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கான்ஹேரி இந்தப் பூங்காவின் மகுடம். கருங்கல் மலையைக் குடைந்த நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள், கி.மு. முதல் நூற்றாண்டில் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மக்கள் புழங்கிய இடம். பழைய பெயர் கன்ஹகிரி, சமஸ்கிருதத்தில் கிருஷ்ணகிரி, கறுப்பு மலை. நம் தர்மபுரிப் பக்கத்துக் கிருஷ்ணகிரிக்காரர் யாராவது கூட வந்தால் அவருக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

பெரும்பாலோர் மூன்றாம் குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டுக் கூடம்: 34 தூண்கள், கோடியில் ஸ்தூபி, முன்வாசலில் இரு பக்கமும் ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரப் புத்தர்கள். சாதவாகன அரசன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் பெயர் வரும் கல்வெட்டும் அங்கேதான். தூண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் சிலவற்றில் மேலே சிற்பம் நிறைந்திருக்கும், சில வெறும் எண்பட்டையாக நிற்கும். வேலை பாதியில் நின்றது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. இங்கே வணங்க வருகிறவர்களும் உண்டு. செல்ஃபிக்காக ஸ்தூபி மேல் சாய வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் மலை ஏற வேண்டும். பதினோராம் குகை தர்பார் மண்டபம், தரையில் நீளமாக இரண்டு கல் பெஞ்சுகள். எல்லோராவின் ஐந்தாம் குகையைப் பார்த்தவருக்கு உடனே ஞாபகம் வரும். 34-இல் கூரை ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்துச் சுவரில் அடித்தால் கோடுகள் எழும்பும். 41-இல் பதினொரு தலை அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர். 90-இல் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில் பார்சிகள் தங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், கி.பி. 1009-லும் 1021-லும். சுவரில் பெயர் எழுதும் சுற்றுலாப் பயணி நேற்று முளைத்தவன் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அவர்களுடையது இன்று தொல்லியல் துறைச் சொத்து; நீங்கள் எழுதினால் அபராதம்.

சிலையைக் காட்டிலும் எனக்கு இங்கே பெரிதாகத் தெரிவது தண்ணீர் வேலை. அநேகமாக ஒவ்வொரு குகை வாசலிலும் ஓரமாகச் சதுர வாய் வைத்த ஒரு தொட்டி, பாறைக்குள்ளேயே குடைந்தது. குனிந்து பார்த்தால் வாய்தான் சிறிது, உள்ளே அறை விரிந்துகொண்டே போகும். வெயில் படாததால் தண்ணீர் சுண்டாது. தலைக்கு மேல் பாறையில் விரல் அகலத்துக்குக் காடி வெட்டியிருப்பதைத் தேடுங்கள். மேலிருந்து வழியும் மழை குகைக்குள் புகாமல் அந்தக் காடி வழியாகத் தொட்டிக்குப் போகும். மும்பையில் நான்கு மாதம் கொட்டி எட்டு மாதம் வறளும் வானத்துக்கு அந்த மலைக்காரர்கள் கண்ட பதில் இது. கல்வெட்டுகளில் இந்தத் தொட்டிக்குப் 'போதி' என்று பெயர். வெட்டிக்கொடுத்தவர்களில் கல்யாண், சோபாரா வியாபாரிகள் உண்டு. விரார் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிற அதே நாலாசோபாராதான். ஆயிரத்தெண்ணூறு வருஷம் கழித்து 1860-இல் விஹார் ஏரியையும் 1879-இல் துளசி ஏரியையும் இதே காட்டில் கட்டி ஆங்கிலேயர் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். மலை செய்கிற வேலை மாறவே இல்லை.

மழைக்காலத்தில் கான்ஹேரி இன்னும் அழகு, இன்னும் ஆபத்து. நடுவே ஓடை பாயும். பாறையில் பச்சை வழுக்கல். ஹவாய் செருப்பு, தேய்ந்த ஷூ இரண்டுமே ஆகாது. வெட்டிய படிகளில் மட்டும் கால் வைத்துப் போகலாம், ஓடைக் குட்டையில் இறங்கக் கூடாது. மேலே பெய்த மழை கீழே வரும் வேகம் பார்க்கிற இடத்திலிருந்து தெரியாது. கனமழை அறிவிப்பு வந்த நாளில் உள்ளே விடமாட்டார்கள், கிளம்பும் முன் வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகா சிவராத்திரி அன்று இங்கே திருவிழாக் கூட்டம், சிறப்புப் பஸ்கூட விடுவார்கள். குகை பார்க்க வேண்டுமென்றால் அன்று தவிர்த்துவிடலாம். ஜனம் பார்க்க வேண்டுமென்றால் அன்றுதான் போக வேண்டும்.

படியோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆதிவாசிப் பெண்களிடம் வாங்குங்கள். வெள்ளரியை நாலாகக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவித் தருவார்கள். மே மாதம் களாக்காய், நாவல். நீங்கள் செலவழிப்பதில் நேராக இந்தக் காட்டு வீட்டுக்குப் போகிற காசு இது ஒன்றுதான் என்பது பல நாட்களில் உண்மை.

மூன்றாவது, காட்டு நடை. பூங்காவுக்குள் இருக்கும் இயற்கைத் தகவல் மையத்தில் முன்கூட்டிப் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும், வாசலில் போய் நின்று "இப்போ போகலாமா?" என்றால் நடக்காது. ஷிலோண்டா நடை நல்ல தேர்வு, ஓடையை ஒட்டிய வழி, அரை நாள் வேலை. வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் அனுமதி இல்லை. மங்கலான நிறச் சட்டை, முழுக்கை, சென்ட் வேண்டாம். வழிகாட்டிகள் பேசுவது மராத்தி அல்லது ஹிந்தி. பறவைப் பெயர் ஆங்கிலத்தில் வரும், செடிப் பெயர் மராத்தியில் வரும். தாத்தா பாட்டியோடு போனால் ஒருவர் கூடவே நடந்து தமிழில் சொல்லிக்கொண்டு வர வேண்டும், ஆனால் பலன் உண்டு. 'டாக்ளா' என்று காட்டினால் பாட்டி "தகரை" என்பார், 'மோஹா' என்றால் "இலுப்பை மாதிரி இருக்கே" என்பார்.

கேட்டுப் பார்க்க வேண்டிய செடி கார்வி. நம் குறிஞ்சிக்கு நெருங்கிய சொந்தம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷம், இதற்கு எட்டு. இந்தக் காட்டில் 2008, 2016, 2024-இல் சரிவு முழுக்க ஊதாவாகப் பூத்தது. பூத்த செடி காய்த்துக் காய்ந்துவிடும். மறுவருட முதல் மழை பட்டதும் காய்ந்த காய்கள் பட்பட்டென்று வெடித்து விதை சிதறும். காய்ந்த தண்டு விரல் பருமன், நேராக, கனமில்லாமல் இருக்கும். அதை நெருக்கமாக நட்டு, குறுக்கே கட்டி, மேலே மண்ணும் சாணமும் மெழுகினால் வார்லி வீட்டுச் சுவர். தேசியப் பூங்காவில் செடி வெட்டத் தடை என்பதால் பல பாடாக்களில் இப்போது தகரமும் செங்கல்லும் வந்துவிட்டன. பாடா என்றால் ஆதிவாசிக் குடியிருப்பு. நவாபாடா, சிஞ்ச்பாடா, ராவண்பாடா என்று பூங்காவின் உள்ளும் ஓரமும் பல. 1997-இல் உயர்நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன பிறகு, யார் ஆக்கிரமிப்பாளர், யார் பரம்பரைக் காட்டுவாசி என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் இவர்கள் கேட்கும் நிலம் இதுதான். "எத்தனை நாளா இங்க இருக்கீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டுவிடாதீர்கள், அவர்கள் காதில் அது விசாரணை.

நாலாவது சேவை, வார்லி அனுபவம், இங்கேதான் வருகிறது. மிக நல்லதும் மிக மோசமானதும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. மோசமானது இப்படி இருக்கும்: முப்பது நாற்பது பேர் பஸ்ஸில், காட்டோரம் ஒரு விடுதிக் கூடம், கூலிக்கு அழைத்துவந்த ஆட்டக்காரர்கள், பழுப்பு அட்டையில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட், நடுவில் பனீர் பட்டர் மசாலா. விளம்பரத்தில் 'சிறுத்தை பார்க்க வாய்ப்பு' என்று இருந்தால் அந்த நிமிடமே வேண்டாம் என்று வைத்துவிடலாம். இந்தப் பகுதியில் நாற்பதுக்கு மேற்பட்ட சிறுத்தைகளை ஆய்வாளர்கள் தானியங்கிக் கேமராவில் எண்ணியிருக்கிறார்கள், உண்மைதான். அவை ஆட்களைப் பார்க்கும், ஆட்கள் அவற்றைப் பார்ப்பது அபூர்வம்.

முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி. எந்தப் பாடா, யார் வீட்டில் உட்காரப்போகிறோம்? கொடுக்கும் காசில் அந்த வீட்டுக்கு எவ்வளவு, நடத்திச் செல்லும் பாடாக்காரருக்கு எவ்வளவு? ஒரு தடவைக்கு எத்தனை பேர்? எட்டுப் பேருக்கு மேல் என்றால் வாசல் கொள்ளாது. முதல் கேள்விக்கே "அன்னிக்குப் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் இடம் இன்னும் முடிவாகவில்லை, வீட்டுக்காரருக்கு நீங்கள் வருவதே தெரியாது என்று அர்த்தம்.

நல்ல ஏற்பாட்டில் ஓவியத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் சுவரைக் காட்டுவார்கள். சாணம் மெழுகிய சுவரில் காவி மண் பூச்சு. ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் தண்ணீரும் கொஞ்சம் பிசினும். பிசின் சேர்க்காவிட்டால் காய்ந்ததும் உதிரும். தூரிகை மூங்கில் குச்சி, நுனியைக் கடித்து நார்நாராக ஆக்கியது. நாம் கோலத்துக்கு விரலில் மாவைத் தொட்டு இழுக்கிற பழக்கத்தில் குச்சியையும் இழுத்துவிடுவோம், கோடு தடிக்கும். இவர்கள் நுனியை மட்டும் தொட்டுத் தொட்டு வைக்கிறார்கள். வட்டம், முக்கோணம், சதுரம் மூன்றுதான் அடிப்படை. இரண்டு முக்கோணம் நுனியோடு நுனி சேர்ந்தால் ஆள். சதுரம்தான் கர்ப்பக்கிரகம் மாதிரி. அதற்கு 'சௌக்' என்று பெயர். கல்யாண வீட்டில் சுமங்கலிகள் போடுவது, உள்ளே தாய்த் தெய்வமான பாலகாட் தேவி. சௌக் போடாமல் கல்யாணம் நடக்காது. எனவே பணம் கொடுத்து "எங்களுக்கும் ஒரு கல்யாண சௌக் போடுங்க" என்று கேட்பது, பக்கத்து வீட்டில் போய் "சும்மா ஒரு தாலி கட்டிக் காட்டுங்க" என்பதற்குச் சமம். துணியிலும் தாளிலும் விற்கிற ஓவியம் வேறு சங்கதி. 1970-கள் தொடங்கி ஜிவ்யா சோமா மஷே போன்றவர்கள், சடங்கு இல்லாத நாளிலும் வரையலாம் என்று பெண்கள் கையிலிருந்ததை ஆண்களும் எடுத்து உலகுக்குக் கொண்டுபோனது அது. 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. அதை வாங்குங்கள், பேரம் பேசாமல்.

தாரபா வாத்தியம் வாசித்தால் அருகில் போய்ப் பாருங்கள். சுரைக்குடுக்கை உடம்பு, மூங்கில் குழல், பனையோலை சுற்றிய வாய், மெழுகு வைத்து அடைத்த மூட்டு. வாசிப்பவரைச் சுற்றி ஆட்டம் சுருள் சுருளாகப் போகும். வெறும் ஐந்து நிமிட 'ஷோ' கேட்டு வாங்கினால் சுருள் விரிவதற்குள் முடிந்துவிடும்.

சாப்பாடு ஜூன், ஜூலையில்தான் சிறப்பு. அரிசி அல்லது கேழ்வரகு பாக்ரி (தடித்த ரொட்டி), பக்கத்தில் காட்டுக் கீரை. முதல் மழைக்குச் சில வாரம் மட்டும் முளைக்கும் 'ஷேவ்ளா' கிடைத்தால் அதிர்ஷ்டம். அது கருணைக்கிழங்கு இனத்துப் பூந்தண்டு, தொண்டையைப் பிடுங்கும். அடியிலிருக்கும் மஞ்சள் பகுதியை வெட்டி எறிந்து, மிச்சத்தை 'காகட்' என்ற புளிப்புக் காயோடு வேகவைத்தால்தான் அரிப்பு அடங்கும். நாம் கருணைக்குப் புளி விடுவது எதற்கோ அதற்கேதான். சந்தையில் ஷேவ்ளாவை மட்டும் வாங்கி வந்து வீட்டில் சமைத்துத் தொண்டை வீங்கிய கதைகள் உண்டு. விற்கும் பெண்ணே காகட்டையும் சேர்த்துத்தான் தருவார், வேண்டாம் என்று தள்ளாதீர்கள்.

பாடா எல்லையில் செந்தூரம் பூசிய கல்லோ மரப்பலகையோ கண்ணில் படலாம். பலகையில் பெரும்பூனை ஒன்று, மேலே சூரியனும் சந்திரனும். அவர் வாகோபா. மராத்தியில் வாக் என்றால் புலி, இங்கே சிறுத்தைக்கும் அதே பெயர். மும்பை புறநகர், தாணே, பால்கர் மாவட்டங்களில் ஏறத்தாழ 150 வாகோபா சன்னதிகளை ஆய்வாளர்கள் பதிவு செய்து 2021-இல் வெளியிட்டிருக்கிறார்கள். தீபாவளியின் முதல் நாளான வாக் பாரஸ் அன்று பெரிய பூஜை. பகத் எனப்படும் பூசாரி நடத்துவார், கோழியும் படைப்பார்கள். முனியாண்டிக்கும் கருப்பசாமிக்கும் கிடா வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, முகம் சுளிக்கிறவர் அன்று போக வேண்டாம். பூஜை குறைந்தால் வாகோபா கோபிப்பார், முறையாகச் செய்தால் காப்பார் என்பது நம்பிக்கை. 2002-லிருந்து 2004 வரை இந்தப் பகுதியில் சிறுத்தைத் தாக்குதல் உச்சத்தில் இருந்தது. வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டதும் ஒரு காரணம் என்று வனஉயிர் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அடித்துத் துரத்துவது, பிடித்து அப்புறப்படுத்துவது என்ற இரண்டையும் விட, பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று ஏற்றுக்கொண்டு நடப்பது எப்படி என்பதைப் பாடாக்காரர்கள் முன்பே வைத்திருந்தார்கள்.

சன்னதியில் செருப்பைக் கழற்றுங்கள், செந்தூரத்தைத் தொடாதீர்கள், பலகைப் பக்கத்தில் போஸ் கொடுக்காதீர்கள். படம் எடுக்க "ஃபோட்டோ காடூ கா?" என்று கேளுங்கள். பெரியவரை 'காகா', பெண்களை 'மாவ்ஷி' என்றால் போதும், மீதி மராத்தி தானே வந்துவிடும்.

சேவையாகப் பார்த்தால் பூங்கா நிர்வாகம் கோட்டைவிடும் இடங்கள்: இரண்டு சீட்டு விவகாரம் வாசலில் எழுதப்படாதது, கான்ஹேரி மேல் குகைகளுக்கு வழி காட்டும் அம்புக்குறி போதாதது, விடுமுறை நாளில் உள்வண்டிக்கு ஆகும் காத்திருப்பு. கழிப்பறையை வாசலிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மாலை நாலு மணிக்குக் கான்ஹேரியிலிருந்து இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது. உள்வண்டியைத் தவறவிட்டால் ஆறேழு கிலோமீட்டர் நடை, அதுவும் வெளிச்சம் குறையும் நேரம், சிறுத்தை எழுந்து சோம்பல் முறிக்கும் நேரம். நடக்க நேர்ந்தால் கூட்டமாக, சத்தமாகப் பேசிக்கொண்டு, குழந்தைகளை நடுவில் விட்டு. யாரும் தனியாகப் பின்தங்கிக் குத்த வைத்து உட்கார வேண்டாம். குனிந்திருக்கிற உருவம் சிறுத்தை கண்ணுக்கு ஆளாகத் தெரியாது, ஆடாகத் தெரியும்.